குறையேதும் இல்லாத தூதர்கள் கடவுளை எதிர்த்தது ஏன்?

ஏவாளை ஏமாற்ற ஒரு பாம்பு இருந்தது. அந்தப் பாம்பின் வழியாகப் பேசியவனை ஏமாற்றியது யார்? கிறிஸ்தவ விசுவாசத்தில் இதைவிடக் கடினமான கேள்விகள் அதிகம் இல்லை. மனிதன் விழுந்த கதை எவருக்கும் எளிதில் புரிந்துவிடும். கண்ணுக்கு இன்பமான கனி, வெளியிலிருந்து வந்த ஆசைப்பேச்சு, உலகம் அறியாத இருவர். தூதர்களின் கதையில் இவை எதுவுமே கிடையாது. அவர்களுக்கு உடல் இல்லை. ஆகவே பசியோ காமமோ களைப்போ மரண பயமோ இல்லை. அறிவோ மனித அறிவைவிடப் பல மடங்கு தெளிந்தது. கெட்ட சகவாசம் என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் அப்போது படைப்பில் கெட்டவர் என்று ஒருவரும் இருக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் தங்களைப் படைத்தவரை எதற்காக எதிர்க்க வேண்டும்?

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. பெருமையால் விழுந்தார்கள் என்பது ஒன்று. அவர்களுக்குச் சுயாதீனம் இருந்தது, அதைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் சரியே, ஆனாலும் இரண்டிலும் கேள்வி அப்படியே மிஞ்சுகிறது. பெருமைப்பட வேண்டிய அவசியம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? சுயாதீனம் எல்லாத் தூதர்களுக்கும் இருந்ததே, சிலர் மட்டும் விழுந்தது எப்படி? திருச்சபையின் பெரிய சிந்தனையாளர்கள் நூற்றாண்டுக்கணக்கில் இங்கேதான் நின்று யோசித்தார்கள். அவர்களைத் தொடர்ந்து வாசிக்கும்போது ஒரு முடிவு மெல்லத் தெளிவாகிறது: தூதர்கள் தீய ஒன்றுக்கு ஆசைப்பட்டு விழவில்லை, நல்ல ஒன்றைக் கடவுளின் கையிலிருந்து பெற்றுக்கொள்ள மனமில்லாமல் விழுந்தார்கள்.

இதில் வேதாகமம் தரும் செய்தி வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. வானத்தில் போர், மூன்றில் ஒரு பங்குத் தூதர்கள், லூசிபர் என்ற அழகிய தலைவன் என்று நம் மனதில் பதிந்திருக்கும் முழுக்கதை எந்த ஒரு அதிகாரத்திலும் சேர்ந்தாற்போல் எழுதப்பட்டிருக்கவில்லை. யூதா நிருபம் ஒரே வசனத்தில், தங்களுடைய "ஆதிமேன்மையைக் காத்துக்கொள்ளாமல்" தங்களுக்குரிய வாசஸ்தலத்தை விட்டுவிட்ட தூதர்களைப் பற்றிச் சொல்கிறது. பேதுருவின் இரண்டாம் நிருபம் பாவம் செய்த தூதர்களைத் தேவன் தப்பவிடவில்லை என்கிறது. என்ன பாவம் என்று சொல்வதில்லை. "சாத்தான் மின்னலைப்போல வானத்திலிருந்து விழுகிறதைக் கண்டேன்" என்பது லூக்கா நற்செய்தியில் இயேசுவின் வாக்கு. மிகாவேலும் அவனைச் சேர்ந்த தூதர்களும் வலுசர்ப்பத்தோடு யுத்தம் செய்வது வெளிப்படுத்தின விசேஷம் 12-இல் வருகிறது. அதன் வால் வானத்து நட்சத்திரங்களில் மூன்றில் ஒரு பங்கை இழுத்துப் போட்டது என்ற வரியிலிருந்துதான் அந்தக் கணக்கும் வந்தது.

காரணத்தைத் தொடும் வசனங்கள் இரண்டு தீர்க்கதரிசன நூல்களில் இருக்கின்றன. "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே, நீ வானத்திலிருந்து விழுந்தாயே!" என்று தொடங்கி, "உன்னதமானவருக்கு ஒப்பாவேன்" என்று இருதயத்தில் சொன்னவனை ஏசாயா 14 ஏளனம் செய்கிறது. "உன் அழகினால் உன் இருதயம் மேட்டிமையாயிற்று" என்கிறது எசேக்கியேல் 28. நேர்ப்பொருளில் முன்னது பாபிலோன் ராஜாவையும் பின்னது தீரு ராஜாவையும் நோக்கிச் சொல்லப்பட்டவை. இந்த அரசர்களுக்குப் பின்னால் சாத்தானின் வீழ்ச்சி தெரிகிறது என்று 3-ஆம் நூற்றாண்டில் ஓரிஜன் என்ற இறையியலாளர் விரிவாக எழுதினார். மேற்கிலும் கிழக்கிலும் அந்த வாசிப்பு நிலைத்துவிட்டது. இது பொருந்தாத வாசிப்பு என்று இன்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னைத் தெய்வமாக்கிக்கொள்ளும் அரசனிடம் தீர்க்கதரிசி கண்ட நோய் எதுவோ, அதே நோயைத் திருச்சபை தூதனிடமும் கண்டது. புதிய கிறிஸ்தவனைச் சபையின் தலைவனாக, அதாவது கண்காணியாக, ஆக்க வேண்டாம், அவன் இறுமாப்படைந்து பிசாசு அடைந்த ஆக்கினையில் விழுந்துவிடுவான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபமும் எச்சரிக்கிறது.

ஆனால் பெருமை என்ற இந்தப் பதில் தொடக்கத்திலேயே எல்லாராலும் ஏற்கப்பட்டதல்ல. மிகப் பழைய பதில் காமம். தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளை அழகுள்ளவர்கள் என்று கண்டு அவர்களை மனைவிகளாக்கிக்கொண்டார்கள் என்ற ஆதியாகமம் 6-ஆம் அதிகார வசனங்களை ஏனோக்கின் நூல் பெருங்கதையாக விரிக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் எழுந்த இந்த யூத நூலை எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை இன்றும் வேதநூல்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. யூதா நிருபமும் அதிலிருந்து மேற்கோள் காட்டுகிறது. அதில் 'காவலர்' எனப்படும் 200 தூதர்கள் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். தலைவனான செமியாசாவுக்கு ஒரு பயம் இருக்கிறது: நீங்கள் எல்லாரும் பின்வாங்கிவிட்டால் இந்தப் பாவத்தின் தண்டனையை நான் ஒருவனே சுமக்க வேண்டியிருக்குமே! அதனால் அத்தனை பேரும் சாபத்தோடு கூடிய சத்தியம் செய்துகொள்கிறார்கள். குற்றம் செய்யப் போகிறவர்களின் மனம் அந்த ஒரு காட்சியில் அப்படியே தெரிகிறது. ஆதித் திருச்சபையின் எழுத்தாளர்களில் 2-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினும் பின்னர் தெர்த்துல்லியனும் இந்தக் காரணத்தையே ஏற்றார்கள்.

ஆனால் இது நிற்கவில்லை. உடலற்றவர்களுக்கு உடலின் இச்சை எப்படி வரும் என்பது ஒரு தடை. இன்னொரு தடை கால வரிசை: ஆதியாகமம் 6-க்கு முன்பே, 3-ஆம் அதிகாரத்திலேயே சோதனைக்காரன் வந்துவிடுகிறான். அவன் எப்போது, எதனால் கெட்டான் என்பதற்குக் காவலர் கதையில் விடை இல்லை. அந்தத் தேவகுமாரர் ஆதாமின் மகனான சேத்தின் வழிவந்த மனிதர்களே என்று ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீன் விளக்கிய பிறகு, மேற்குத் திருச்சபையில் அந்தப் பதில் ஏறக்குறைய மறைந்தது.

அடுத்த பதில் பொறாமை. பிசாசின் பொறாமையால் மரணம் உலகில் நுழைந்தது என்று சாலமோனின் ஞானம் 2:24 சொல்கிறது. ஆதாம் ஏவாளின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு பழைய நூலில் இது முழுக் காட்சியாகவே வருகிறது. கடவுளின் சாயலான ஆதாமை வணங்கும்படி மிகாவேல் மற்ற தூதர்களை அழைக்கிறான். சாத்தான் மறுக்கிறான்: இவன் எனக்குப் பின் உண்டானவன், என்னிலும் தாழ்ந்தவன், இவன்தான் என்னை வணங்க வேண்டும். ஆதித் திருச்சபையின் ஆயர்களான இரேனியுவும் சிப்ரியானும், நீசா நகர கிரகோரியும் பொறாமையையே முதன்மைக் காரணமாக்கினார்கள். பூமியின் பொறுப்பை ஏற்றிருந்த ஒரு தூதன், மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட ஒருவனுக்குத் தெய்வச் சாயல் கொடுக்கப்பட்டதைப் பொறுக்கவில்லை என்பது கிரகோரியின் விளக்கம். வெகு காலம் கழித்து, 16-ஆம் நூற்றாண்டில் பிறந்த ஸ்பெயின் நாட்டு இறையியலாளர் சுவாரெஸ் இதையே இன்னும் கூர்மையாக்கினார். தேவகுமாரன் ஒரு படைப்பின் இயல்பைத் தம்மோடு இணைத்துக்கொள்ளப் போகிறார் என்று அறிந்த தூதன், அந்த மேன்மை தனக்கே வேண்டும் என்று விரும்பினானாம்.

மனதைத் தொடும் பதில்தான். ஆனால் அகுஸ்தீன் இதற்குள்ளும் நுழைந்து பார்த்தார். பிறருடைய நன்மை நம்மைச் சுடுவதற்கு முன், நம் மேன்மையின்மீது நமக்கு அளவு மீறிய பற்று இருந்தாக வேண்டும். பெருமைதான் பொறாமையைப் பெற்றெடுக்கிறது. பொறாமை பெருமையைப் பெறுவதில்லை. ஆக, மனிதனைக் கண்டு பொறாமைப்பட்ட கணத்தில் அந்தத் தூதன் ஏற்கெனவே விழுந்திருந்தான்.

அகுஸ்தீனுக்கு இது புத்தக விவகாரமாக மட்டும் இருக்கவில்லை. இளமையில் ஒன்பது ஆண்டுகள் மனிக்கேயர்களோடு இருந்தவர் அவர். ஒளி, இருள் என்று இரண்டு நித்தியத் தத்துவங்கள் போரிடுகின்றன, தீமை அந்த இருளிலிருந்து வருகிறது என்பது அவர்களின் போதனை. அதன்படி பிசாசு கெட்டுப் போகவே இல்லை, தொடக்கம் முதலே கெட்டவன்; கேள்விக்கே இடமில்லை. அந்த வசதியான விடையைவிட்டு வெளியே வந்த அகுஸ்தீன், 413 முதல் 426 வரை எழுதிய 'கடவுளின் நகரம்' நூலில் நேர் எதிரான இடத்தில் நிற்கிறார். எல்லாத் தூதர்களும் நல்லவர்களாகவே படைக்கப்பட்டார்கள். அப்படியானால் தீய சித்தத்தை உண்டாக்கியது எது? நல்ல இயல்பு என்றால் படைத்தவர்மீது பழி விழுகிறது. தீய இயல்பு என்றால் மனிக்கேயர்களிடமே திரும்ப வேண்டும்.

இங்கே அவர் ஓர் உதாரணம் வைக்கிறார். மனத்திலும் உடலிலும் சற்றும் வேறுபாடில்லாத இரண்டு மனிதர்கள் ஒரே அழகிய உடலைப் பார்க்கிறார்கள். ஒருவன் உள்ளத்தில் தகாத இச்சை எழுகிறது. மற்றவன் உறுதியாக நிற்கிறான். அழகு காரணமா? இருவரும் பார்த்தது ஒரே அழகைத்தான். உடலா, மனமா? அவையும் ஒன்றே. யாரோ தூண்டினார்கள் என்றால், அந்தத் தூண்டுதல் இருவருக்குமே வந்ததாக வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், ஒருவன் விரும்பினான், மற்றவன் விரும்பவில்லை என்பது மட்டுமே எஞ்சுகிறது. தீய சித்தத்துக்குச் செயற்படுத்தும் காரணம் ஒன்றைத் தேட வேண்டாம் என்கிறார் அகுஸ்தீன். அது ஒரு செயலின் விளைவாக வந்ததல்ல, ஒரு குறைவு. அதன் காரணத்தைத் தேடுவது இருளைப் பார்க்கவும் மௌனத்தைக் கேட்கவும் முயல்வது போன்றது.

இதை நழுவல் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. தூதனின் பாவத்துக்குப் போதுமான காரணம் ஒன்று அகப்பட்டுவிட்டால், அந்தக் கணமே குற்றம் அவனிடமிருந்து அந்தக் காரணத்துக்குப் போய்விடும். காரணம் காட்ட மறுப்பதன் மூலம் அகுஸ்தீன் கடவுளையும் காக்கிறார், தூதனின் பொறுப்பையும் காக்கிறார். 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், பிசாசும் மற்றப் பேய்களும் கடவுளால் இயல்பில் நல்லவர்களாகவே படைக்கப்பட்டார்கள், தங்களாலேயே தீயவர்கள் ஆனார்கள் என்று அறிக்கையிட்டபோதும் இதே எல்லையைத்தான் வரைந்தது. அன்றும் எதிரே நின்றவர்கள் இரு தத்துவக் கொள்கையினரே.

காரணம் இல்லை என்றாலும், அவர்கள் எதை விரும்பினார்கள் என்று கேட்கலாம் அல்லவா? இதில் 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தோமா அக்வினாஸ் காட்டும் நுணுக்கம் அபாரமானது. கடவுளுக்குச் சமமாக வேண்டும் என்று தூதன் நினைத்திருக்க முடியாது என்கிறார் அவர். அது நடக்காத காரியம் என்பது அத்தனை கூரிய அறிவுக்குத் தெரியாமல் போகாது. தவிர, எந்த உயிரும் தன் இயல்பையே இழந்து மேலான இன்னொன்றாக ஆசைப்படுவதில்லை. கழுதை குதிரையாக விரும்புவதில்லை, ஏனென்றால் குதிரையாகும்போது அது அதுவாக இருக்காது. அரியணையைப் பறிக்கப் படை திரட்டிய கலகக்காரன் என்ற பிம்பம் இங்கே உடைந்துபோகிறது. தூதன் விரும்பியது பேரின்பத்தை. அதை விரும்பவே அவன் படைக்கப்பட்டிருந்தான். ஆனால் கிருபையாக, அதாவது கடவுளின் இலவச வரமாக, வர வேண்டிய அதைத் தன் இயல்பின் வலிமையாலேயே அடைந்துவிட விரும்பினான். கடவுளைப்போல ஆக ஆசைப்பட்டது இந்தப் பொருளில்தான்: பிறர் தரவேண்டாதபடி, தன்னிலேயே நிறைவுள்ளவனாக இருக்க வேண்டும் என்று.

அறியாமை இல்லாதவன் எப்படிப் பிழை செய்வான் என்பதற்கும் அவரிடம் சிறிய, துல்லியமான ஓர் உதாரணம் உண்டு. ஒருவன் ஜெபிக்கிறான், ஆனால் திருச்சபை வகுத்த முறையைப் பொருட்படுத்தாமல் ஜெபிக்கிறான். ஜெபம் நல்லதே. கோளாறு அவன் தேர்ந்த பொருளில் கிடையாது, ஒழுங்கை அவன் பார்க்க மறுத்ததில் இருக்கிறது. தூதனும் உண்மையான நன்மை ஒன்றை நோக்கியே திரும்பினான். தெய்வச் சித்தம் என்ற அளவுகோலை மட்டும் கருத்தில் கொள்ளவில்லை.

கடவுளை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே எப்படி விலக முடிந்தது என்ற ஐயத்துக்கும் இதே மரபில் நேரடியான பதில் இருக்கிறது: அவர்கள் இன்னும் பார்க்கவில்லை. கடவுளை அவருடைய சாரத்தில் காணும் எவராலும் விலக முடியாது, நன்மையின் முழுமையைக் கண்டபின் வேறெதுவும் இழுக்காது. தூதர்கள் கிருபையில் படைக்கப்பட்டார்கள், அந்தக் காட்சியோ தேர்வுக்குப் பின் வர வேண்டியதாக இருந்தது. அவர்கள் விசுவாசிக்க வேண்டியிருந்தது. வானதூதர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டே எதிர்த்தார்கள் என்று எண்ணுவதால்தான் நம்மில் பலருக்கு இந்த விஷயம் புரியாப் புதிராக நிற்கிறது.

திரும்பி வர முடியாதா? மனித மனம் படிப்படியாக யோசிக்கிறது, பின்னர் வேறொன்று தோன்ற மாற்றிக்கொள்கிறது. தூதனின் அறிவு ஒரு பொருளை ஒரே பார்வையில் முழுதாகப் பற்றுகிறது என்கிறார் அக்வினாஸ். அதன்மேல் எழும் தேர்வில் பிறகு யோசித்துப் பார்க்க எதுவும் மிச்சமிருப்பதில்லை. மனிதருக்கு மரணம் எப்படியோ, தூதர்களுக்கு வீழ்ச்சி அப்படி என்று 8-ஆம் நூற்றாண்டில் தமஸ்கு யோவான் எழுதியதை 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் எடுத்தாள்கிறது. தீமையைக் கண்டுபிடித்தவனும்கூட ஒருநாள் குணமாவான் என்று நீசா நகர கிரகோரி நம்பினார். ஓரிஜன் பெயரோடு சேர்ந்து பரவிய அதே நம்பிக்கையை 543-இல் பேரரசர் ஜஸ்டினியனின் ஆணை கண்டித்தது. "அவர் தேவதூதருக்கு உதவியாகக் கைகொடாமல், ஆபிரகாமின் சந்ததிக்கு உதவியாகக் கைகொடுத்தார்" என்ற எபிரெயர் நிருப வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நடுக்கம் வருகிறது.

எல்லாம் சரி, ஒரு சிக்கல் மட்டும் விடாமல் துரத்துகிறது. நின்றவர்கள் கிருபையால் நின்றார்கள் என்றால், விழுந்தவர்களுக்கு அந்தக் கிருபை ஏன் கிடைக்கவில்லை? விழுந்தவர்கள் குறைந்த கிருபை பெற்றிருக்கலாம், அல்லது நின்றவர்களுக்குக் கூடுதல் உதவி கிடைத்திருக்கலாம் என்று அகுஸ்தீனே எழுதிவிட்டார். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் "தெரிந்துகொள்ளப்பட்ட தூதர்கள்" என்ற சொல்லும் இருக்கிறது. சீர்திருத்தத் திருச்சபையின் இறையியலாளர் கால்வின் அதைப் பற்றிக்கொண்டு, நிலைத்தவர்கள் கடவுளின் தெரிவால் நிலைத்தார்கள் என்றார். வீழ்ச்சியின் காரணம், விதம், காலம் இவற்றை வேதம் விரித்துச் சொல்லாததால் நாமும் துருவ வேண்டாம் என்பது அவர் அறிவுரை. அந்த அடக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் கேள்வியைப் பாதியில் விட மனம் வரவில்லை. கொடுக்காமல் விட்டுவிட்டு, இல்லையே என்று தண்டிப்பது நீதியா?

இதைத் தயங்காமல் கேட்டவன் ஒரு மாணவன். பின்னர் காண்டர்பரி பேராயரான அன்செல்ம், 11-ஆம் நூற்றாண்டில் பெக் மடத்தில் இருந்த காலத்தில் பிசாசின் வீழ்ச்சியைப் பற்றி ஆசிரியர்–மாணவர் உரையாடலாக ஒரு நூல் எழுதினார். "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்ற பவுலின் கேள்வியோடு அது தொடங்குகிறது. இது மனிதருக்கு மட்டுமா, தூதர்களுக்குமா என்று மாணவன் கேட்கிறான். எல்லாப் படைப்புக்கும் என்கிறார் ஆசிரியர். மாணவன் விடவில்லை: அப்படியானால் விழுந்தவன் நிலைத்திருக்கும் வரத்தைப் பெறவில்லை, பெறாததற்குக் காரணம் கடவுள் கொடுக்கவில்லை, ஆகவே குற்றம் யாருடையது?

ஆசிரியரின் பதில் வரிசையைத் திருப்பிப் போடுகிறது. கடவுள் கொடுக்காததால் அவன் பெறாமல் போகவில்லை. அவன் பெற்றுக்கொள்ளாததால்தான் கடவுள் கொடுக்காதவர் ஆனார். நீட்டப்பட்டது ஒன்றை வாங்காதவனைப் பார்த்து, தரப்படவில்லை என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

பிறகு அன்செல்ம் தூதனின் உள்ளத்தைத் திறந்து காட்டுகிறார். அதில் இரண்டு நாட்டங்கள் வைக்கப்பட்டிருந்தன: தன் நலத்தையும் மகிழ்ச்சியையும் நாடுவது ஒன்று, நீதியை நாடுவது மற்றொன்று. முதலாவது மட்டும் இருந்திருந்தால் தூதனால் மகிழ்ச்சியைத் தவிர வேறெதையும் விரும்ப முடிந்திருக்காது. அவனைப் புகழவும் முடியாது, பழிக்கவும் முடியாது. நீதியின் நாட்டம் மட்டும் இருந்தாலும் நிலைமை அதேதான். இரண்டும் இருந்ததால்தான் நீதியின் எல்லைக்குள் மகிழ்ச்சியைத் தேடவும் முடிந்தது, எல்லை மீறவும் முடிந்தது. தனக்கு இன்னும் தரப்படாத ஒரு நன்மையை அவன் காலத்துக்கு முன்பே தன் விருப்பப்படி எடுத்துக்கொள்ள முனைந்தான். யாருடைய சித்தத்துக்கும் கீழ்ப்படாத சித்தம் கடவுளுக்கு மட்டுமே உரியது. அப்படி ஒரு சித்தம் தனக்கும் இருக்க வேண்டும் என்று விரும்பியபோதே, சமத்துவம் கேட்காமலே, அவன் கடவுளுக்குச் சமமாக முயன்றவன் ஆகிவிட்டான். தேவனுக்குச் சமமாயிருப்பதைக் கொள்ளையாடின பொருளாக எண்ணாமல் தம்மைத் தாழ்த்தினார் என்று பிலிப்பியர் நிருபம் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்வதை இதன் அருகில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஏன் விரும்பினான் என்று மாணவன் கடைசியாக ஒருமுறை கேட்கிறான். விரும்பியதால்தான் விரும்பினான் என்கிறார் ஆசிரியர். அந்த விருப்பத்தை வெளியிலிருந்து எதுவும் தள்ளவுமில்லை, இழுக்கவுமில்லை. அப்படிச் சொல்லலாம் என்றால், அதுவே தனக்குக் காரணமும் விளைவுமாக இருந்தது. அகுஸ்தீன் நிறுத்திய இடமும் இதுதான். ஆனால் அன்செல்மிடம் வந்து சேரும்போது அது வெறும் மறுப்பாக நிற்பதில்லை; எதைப் பெற மறுத்தான் என்பதும் கூடவே தெரிகிறது.

அந்த நன்மை எது என்று மாணவன் அறிய விரும்புகிறான். அது என்னவென்று தனக்குத் தெரியவில்லை என்று ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார். எதுவானாலும் அவர்களின் மேன்மையைப் பெருகச்செய்யும் ஒன்று, அதை அவர்கள் படைக்கப்பட்டபோதே பெற்றிருக்கவில்லை, நிலைத்திருந்தால் பெற்றிருப்பார்கள். விழுந்தவர்கள் தாமாக எடுக்கப்போய் இழந்த அதையே, நீதிக்காக அதை விட்டுக்கொடுத்து நின்ற தூதர்கள் பரிசாகப் பெற்றுக்கொண்டார்கள். இனி அவர்கள் விரும்பத்தக்கது எதுவும் அவர்களிடம் இல்லாமல் இல்லை. ஆகவே அவர்களால் பாவம் செய்ய இயலாது என்கிறார் அன்செல்ம்.